வெள்ளிக்கிழமை விழிக்கும் கேமரா

"எங்க வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தவறாம வர்றார் மேடம்" என்று ஜாஸ்லின் சொன்னதும், வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை நாகநாதன் அப்படியே மேஜையில் வைத்துவிட்டார்.

புருஷன் வீட்டுக்கு வருவதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஜாஸ்லினின் புருஷன் எல்வின் செத்துப்போய், அடக்கமும் முடிந்து, கல்லறைக்குச் சுண்ணாம்புகூட அடித்தாகிவிட்டது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், சூசைநல்லூர் வாய்க்கால் கரை ரோட்டில் பைக் விபத்து.

நாகநாதன் முப்பது வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். அரிவாளோடு ஓடியவனை எல்லாம் துரத்திப் பிடித்திருக்கிறார். ஆனால் பேய், பிசாசு என்று பேச்சு வந்தால் மட்டும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே ஒரு திருநீற்றுப் பொட்டலம் நிரந்தரமாகக் குடியிருந்தது. சும்மா இருந்தால் மனைவி ரேஷன் கடைக்கு விரட்டுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக, தஞ்சாவூர் கீழவாசலில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் வானதியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். வானதி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்து அலுத்துப்போய்ச் சொந்தமாகப் பலகை மாட்டியவள். வயதில் இவருக்கு மகள் மாதிரி, மூளையில் மேலதிகாரி.

"எப்படி வர்றார்?" என்றாள் வானதி, ஏதோ எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேட்பதுபோல.

ஜாஸ்லின் தன் செல்போனை மேஜையில் வைத்தாள். "அவர் பைக்ல கேமரா மாட்டியிருந்தார். வண்டி வீட்டுப் பக்கம் வந்ததும் என் போன் தானா அதோட சேர்ந்துக்கும். 'கேமரா கனெக்டட்'னு ஒரு பொம்பளக் குரல் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் தோசைக்கல்ல அடுப்புல வைப்பேன். இப்பவும் சொல்லுது மேடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும். மாதா கோவில் மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. போன வாரம் சத்தத்தக் கேட்டதும் நான்பாட்டுக்கு எந்திரிச்சுப் போய்க் கல்லை அடுப்புல வச்சுட்டேன்."

நாகநாதனின் கை சட்டைப்பைக்குப் போனது. பயத்தாலா பரிதாபத்தாலா என்று அவருக்கே புரியவில்லை.

"போன்ல படம் எதுவும் தெரிஞ்சுதா?"

"ஒரு தடவ தொறந்து பாத்தேன். ஒரே இருட்டு. கொஞ்ச நேரத்துல அதுவும் போயிடுச்சு."

"பைக் இப்ப எங்க?"

"போலீஸ் ஸ்டேஷன்ல நசுங்கிக் கெடக்கு. கேமராவ மட்டும் காணோம். மருதையன்தான் பிடுங்கி ஆத்துல போட்டுட்டான்னு ஊரே சொல்லுது."

மருதையன் அந்த ஊர் டிராக்டர்காரன். ரத்த வெள்ளத்தில் கிடந்த எல்வினை டிராக்டர் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. டிராக்டரில் ஒரு விளக்குகூட எரியாததால் அவனே இடித்துவிட்டு நாடகம் ஆடுகிறான் என்று வழக்கு. ஜாமீனில் வந்தவனை ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை தாக்கலாகப் போகிறது.

"ரோட்டுல நெல்லு காயப்போட்டுத் தார்ப்பாய் மூடியிருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல இவர் கெடந்தார்னு சொல்றான். போலீஸ் வந்து பாத்தப்ப ஒரு மணி நெல்லு இல்ல. முதல்ல ஓடிப்போய்ப் பாத்த எங்க மாமனாரும் நெல்லு எதுவும் இல்லன்னுதான் சொன்னார்." ஜாஸ்லினின் குரல் இறுகியது. "அந்தக் கேமராவக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். அவன் தப்பிக்கக் கூடாது."

"கண்டுபிடிக்கிறேன். ஆனா அது யாரைக் காட்டினாலும் ஏத்துக்குவீங்களா?"

"யாரா இருந்தா என்ன?" என்றாள் ஜாஸ்லின்.



எல்வின் கேமரா வாங்கிய கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் சாரங்கபாணி பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர் போலிருக்கிறது.

"எல்வின் தம்பிதானே? ஒரு மதியம் முழுக்க உக்காந்து மூணு விதமும் பாத்தாரு. ஹெல்மெட் மேல மாட்டுறது ஒண்ணு. தலை எங்க திரும்புதோ அதுவும் அங்க திரும்பும். ஆனா சார், நம்ம ஊர்ல ஹெல்மெட் எங்க இருக்கும்?"

"பெட்ரோல் டேங்க் மேல" என்றார் நாகநாதன். "போலீஸக் கண்டாத்தான் தலைக்கு ஏறும். அதுவரைக்கும் கேமரா ஓட்டுறவன் தொப்பையத்தான் படம் எடுக்கும்."

"அதேதான்! நெஞ்சுல பெல்ட் போட்டுக் கட்டுறது ரெண்டாவது. வேர்வையில நமநமன்னு அரிக்கும். ரெண்டுக்குமே தெனம் சார்ஜ் போடணும், ஒரு நாள் மறந்தா அன்னிக்குத்தான் எவனாவது இடிப்பான். தம்பி எடுத்தது மூணாவது. வண்டியிலயே பூட்டுறது. சின்னத் திரை, ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. ஹேண்டில்ல ஒரு கண்ணு, நம்பர் பிளேட்டுக்கு மேல ஒரு கண்ணு."

"பின்னாடி எதுக்கு?" என்றாள் வானதி.

"நானும் அதைத்தான் கேட்டேன். போன வருஷம் ஒரு வேன் அவரைத் தட்டி விட்டுட்டுப் போயிடுச்சாம். எதுர்ல வந்தவன் லைட் கண்ணைக் கூசிடுச்சு, நம்பரே தெரியல, தப்பு அவர் மேலன்னு எழுதிட்டாங்களாம். 'இடிக்கிறவன் மூஞ்சி தெரியாதுங்க, ஓடுறவன் முதுகு தெரியும்'னாரு. வெவரமான புள்ள."

"சார்ஜ்?"

"அதுக்குள்ள பேட்டரியே கெடையாது மேடம். வண்டி பேட்டரியிலேர்ந்து ஒயர். சாவியத் திருப்பினா உயிர் வரும், அணைச்சாப் போயிடும்."

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது வானதி கேட்டாள். "அண்ணே, என்ன புரிஞ்சுது?"

"பேய்க்கும் பேட்டரி வேணும்னு புரிஞ்சுது மேடம்."

"கரெக்ட். எல்வினோட பைக் ஸ்டேஷன்ல கெடக்கு. அப்ப அந்தக் கேமரா வேற ஒரு வண்டியில பூட்டியிருக்கு. அந்த வண்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்தத் தெருவுல ஓடுது. இப்ப தவக்காலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஊர் மொத்தமும் எங்க போகும்?"

நாகநாதன் யோசித்தார். "கோவிலுக்கு. சிலுவைப்பாதைக்கு. அப்ப நம்ம மருதையன்..."

"அவர் அய்யனார் கும்பிடுறவர். ஏறுங்க, இன்னிக்கு வெள்ளிக்கிழமைதான்."

வழியில் ஸ்டேஷனில் வானதி மட்டும் இறங்கி எல்வினின் பைக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். சூசைநல்லூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகி, அறுத்த வயல்களின் தாள் மேல் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஜாஸ்லினின் போனை வாங்கிச் சட்டைப்பையில் திருநீற்றுக்குத் துணையாக வைத்துக்கொண்டு, தெருக்கோடிப் பெட்டிக்கடை முன்னால் நின்றார் நாகநாதன். ஜாஸ்லின் வீடு அங்கிருந்து நான்கு வீடு தள்ளி. வானதி மிக்சர் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பிரித்தாள்.

வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. குடும்பத்தோடு ஒரு ஸ்கூட்டர் போனது. போன் பேசவில்லை. புல்லட் ஒன்று தெருவையே அதிரவைத்துக்கொண்டு போனது. போன் பேசவில்லை. முக்காடு போட்ட பெண்கள், ஜெபமாலைகள், இரண்டு ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் போயாயிற்று. தெரு காலியானது. ஒரு நாய் நடுரோட்டில் வந்து படுத்தது.

"வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டார் போல" என்று நாகநாதன் சிரிக்கப் பார்த்தார்.

'கேமரா கனெக்டட்' என்றது அவர் நெஞ்சு.

சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அவர் மெல்ல வானதியைப் பார்த்தார். வானதி தெருவைப் பார்க்கவில்லை. நான்காவது வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக் கொல்லைப் பக்கத்திலிருந்து பழைய மொபெட் ஒன்று வெளியே வந்தது. ஓட்டியவர் வெள்ளை வேட்டி கட்டிய, எலும்பும் தோலுமான பெரியவர். ஹேண்டிலுக்குக் கீழே ஒரு மஞ்சள் பை இறுக்கிக் கட்டியிருந்தது. எல்வினின் தகப்பன் லூர்துராஜ், வாரத்தில் ஒரு நாள், கோவிலுக்குப் போக மட்டுமே அந்த வண்டியை எடுப்பார் என்று மிக்சர் கொடுத்த கடைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்போது அது நாகநாதன் மூளையில் ஏறவில்லை.

கோவில் கிழக்கே இருந்தது. மொபெட் மேற்கே திரும்பியது.

வாய்க்கால் கரை ரோட்டில் ஸ்கூட்டர் தூரமாகவே பின்தொடர்ந்தது. பெரியவர் ஒரு மதகருகே நிறுத்தினார். வானதி ஓர் இலுப்பை மரத்தின் பின்னால் ஸ்கூட்டரை ஒதுக்கினாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எல்வின் விழுந்த இடம் இதுதான் என்று யாரும் சொல்லாமலே நாகநாதனுக்குத் தெரிந்தது. அவருக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை. தவளைகூடக் கத்தாத இடம்.

"அண்ணே, இங்க பாருங்க" என்று வானதி தரையைக் காட்டினாள்.

தார் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தில், நீளவாக்கில், பச்சைப்பசேல் என்று ஏதோ முளைத்திருந்தது.

"நாத்து" என்றார் நாகநாதன்.

"ரோட்டு ஓரத்துல யாராவது நாத்து விடுவாங்களா? நெல்லு இங்க கெடந்திருக்கு. யாரோ அவசர அவசரமாக் கூட்டித் தள்ளியிருக்காங்க. ஓரத்துல விழுந்தது போன வார மழையில மொளச்சிடுச்சு. மருதையன் பொய் சொல்லல."

அந்த நேரத்தில்தான் இருட்டுக்குள்ளிருந்து ஓர் இளைஞனின் குரல் சிரித்துக்கொண்டே பேசியது.

"தோசைக்கல்ல வச்சுடு ஜாஸு... நெருங்கிட்டேன்..."

பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், நிசப்தம். நாகநாதனின் சட்டைப்பை மறுபடி 'கேமரா கனெக்டட்' என்றது. மறுபடி அதே சிரிப்பு, அதே தோசைக்கல், அதே 'டக்'. திருநீற்றை எடுக்கப் போன விரல்கள் அவசரத்தில் பொட்டலத்தையே கிழித்துவிட்டன. செத்தவன் வீடு வந்து சேர முடியாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப நெருங்கிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. பயத்தைவிட அதுதான் தாங்கவில்லை.

வானதி நேராக நடந்து போனாள். நாகநாதன் வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

மொபெட்டில் உட்கார்ந்தபடி மஞ்சள் பையை விரித்து வைத்திருந்தார் லூர்துராஜ். உள்ளே உள்ளங்கை அகலத் திரை ஒன்று வெளிச்சம் விட்டது. காலடிச் சத்தம் கேட்டும் அவர் ஓடவில்லை, பையை மூடவும் இல்லை. யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்த மனிதர் போலத் தெரிந்தது.

"ஜாஸ்லின் அனுப்பிச்சுதா?" என்றார்.

"கேமரா உங்ககிட்ட இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள் வானதி.

"தெரியக் கூடாதுன்னுதாம்மா..." பெரியவர் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். "நெல்லு ஈரமா இருந்தா கவர்மெண்ட் கொள்முதல்ல எடுக்க மாட்டேங்குறான். எல்லாரும் ரோட்டுலதான் காயப்போடுறோம். நானும் போட்டேன். பாதி ரோட்டுக்குக் குமிச்சு, கறுப்புத் தார்ப்பாயப் போட்டுக் கல்லு வச்சுட்டு, டீ குடிக்கப் போனேன். சத்தம் கேட்டு ஓடியாந்தா எம்புள்ள என் நெல்லுக்குப் பக்கத்துல கெடக்கிறான். மருதையன் அவனைத் தூக்கிட்டிருக்கான். 'ஏறுங்கய்யா'ன்னு கத்துறான். நான்... நீ போ, பின்னாடியே வர்றேன்னேன்."

"ஏன் போகல?"

"நெல்லக் கூட்டினேம்மா. என் நெல்லுல மோதித்தான் செத்தான்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு தோணிச்சு. அவ்வளவுதான் தோணிச்சு. கேமராவயும் கழட்டிட்டேன். அதுல என் நெல்லு இருக்குமே. அழிச்சுடலாம்னுதான் எடுத்தேன். அவன் குரல் இருக்கு. எப்படி அழிக்கிறது? ஒயர் ஒட்டினாத்தான் பேசுறான். வீட்டுல வச்சுக் கேட்டா மருமகளுக்குக் கேக்கும். அதான் வண்டியில மாட்டி, கோவிலுக்குப் போறேன்னு இங்க வந்துடுறேன்."

நாகநாதனுக்குக் கோபம் வந்தது. மருதையனை ஊர் ஒதுக்கியபோது இவர் வாய் திறந்திருக்கலாமே என்று வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தோசைக்கல்லு வரைக்கும் கேட்டுட்டு அணைச்சுடுறீங்க" என்றாள் வானதி. "அதுக்கு மேல பாத்ததே இல்லையா?"

"எப்படிம்மா பாப்பேன்? அடுத்தது என் நெல்லுல வந்து விழுவான்."

"பைக்க நான் ஸ்டேஷன்ல பாத்துட்டுத்தான் வந்தேன். நெல்லுக் குமியல்ல மோதின வண்டி முன்னாடி நசுங்கும். இது பக்கவாட்டுல நசுங்கியிருக்கு." அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க ஐயா. நீங்க பாக்க வேண்டாம், நான் பாக்குறேன்."

ஆனால் மூன்று பேருமே பார்த்தார்கள்.

தோசைக்கல் என்ற குரல் முடிந்தது. விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் தார்ப்பாய் தெரிந்தது. லூர்துராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பைக் மோதவில்லை. வேகம் குறைந்து, குமியலுக்கு முன்னால் ஓரமாக நின்றது. 'அப்பா ஒரு பக்கம் மூடாமயே போயிட்டார் பாரு. பனி எறங்குதே' என்று எல்வின் முணுமுணுப்பது கேட்டது. ஸ்டாண்ட் போடும் சத்தம். எல்வின் திரைக்குள் நடந்து வந்தான். குனிந்து தார்ப்பாயின் விலகிய முனையை இழுத்து மூடி, அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான். அடுத்த கல்லுக்குக் குனிந்தான். எதிரே இரண்டு விளக்குகள் பெரிதாகி வந்தன. வெளிச்சம் திரையை முழுசாக விழுங்கியது. சத்தம். திரை சாய்ந்தது.

லூர்துராஜ் கண்ணைத் திறந்திருந்தார். எப்போது திறந்தார் என்று தெரியவில்லை.

"நின்னுட்டானா?" என்றார். "எம்புள்ள பத்திரமா நின்னுட்டானா?"

ஆமாம் என்று வானதி தலையசைத்தாள்.

"லைட்டு கூசிடுச்சே மேடம், நம்பர் தெரியலயே" என்று நாகநாதன் தவித்தார்.

"இடிக்கிறவன் மூஞ்சி தெரியாது அண்ணே." வானதி பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினாள். எல்வின் கூடுதலாக வாங்கிய இரண்டாவது கண் எடுத்த படம் வந்தது. விழுந்து கிடந்த பைக்கின் பின்பக்கத்திலிருந்து, கோணலாக, ஓடும் ஒரு வெள்ளைக் காரின் முதுகு தெரிந்தது. காரின் விளக்கிலேயே அதன் நம்பர் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க முடிந்தது.

நாகநாதன் பழைய ஸ்டேஷன் நண்பர்களுக்கு அந்த நம்பரைப் போனில் சொல்லிவிட்டு வந்தபோது, பெரியவர் ரோட்டோர நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நீங்களே குடுத்துடுங்கம்மா அவகிட்ட" என்றார்.

"இல்லங்க. நீங்கதான் குடுக்கணும்" என்றாள் வானதி.

வீட்டு வாசலில் மொபெட் சாவியை அணைக்காமல் நின்றார்கள். ஜாஸ்லின் மஞ்சள் பையைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். லூர்துராஜ் நடந்ததைத் தலை நிமிராமல் சொல்லி முடித்தார். அவள் படத்தை முழுசாகப் பார்த்தாள். வாய்க்கால் கரையில் வானதி நிறுத்திய இடத்துக்கு மேலும் பார்த்தாள்.

கார் போன பிறகு, விளக்கில்லாத ஒரு டிராக்டர் வந்து நின்றது. மருதையன் குதித்து ஓடிவந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து எல்வினின் தலையைச் சுற்றிக் கட்டினான். 'தம்பி, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன், கண்ணத் தொற தம்பி' என்று அழுதான். 'ஜாஸு கல்லு வச்சிருப்பா...' என்று எல்வின் ஏதோ சொன்னான். டிராக்டர் போனது. கொஞ்ச நேரம் வெறும் ரோடு. பிறகு துடைப்பம் போகும் சத்தம். வேட்டி கட்டிய கால்கள் இப்படியும் அப்படியும் ஓடின. கூட்டிக்கொண்டே ஒரு கிழவர் 'சேசுவே, சேசுவே' என்று அரற்றினார். கடைசியில் அவர் முகமே திரை முழுக்க நெருங்கி வந்தது, ஒரு கை நீண்டது, படம் அணைந்தது.

தெருவுக்குள் கோவிலிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியிருந்தார்கள்.

"அடக்கத்தன்னிக்கு மருதையன் அண்ணன் மாலையோட வந்து நின்னார்" என்றாள் ஜாஸ்லின். "நான் அந்த மாலையப் பிடுங்கிச் சாக்கடையில வீசினேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தீங்க மாமா."



அவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் வீடு எங்க இருக்கு?"

"ஆத்துக்கு அந்தாண்டம்மா. நான் காட்டுறேன்."

"ஓட்டுங்க." ஜாஸ்லின் மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மாமனாரின் தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்களை மன்னிக்கல. வழி உங்களுக்குத்தான் தெரியும், அதனால வர்றேன்."

மொபெட் கிளம்பியது. அவளுடைய போன் இன்னும் தன் சட்டைப்பையில் இருப்பது நாகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூப்பிட வாய் எடுத்தார். வண்டி தெருமுனையில் திரும்பியது. 'கேமரா டிஸ்கனெக்டட்' என்றது பை.

இந்த முறை மட்டும் அவருக்கு அந்தக் குரலைக் கேட்டுப் பயம் வரவில்லை. கிழிந்த பொட்டலத்திலிருந்து கையில் ஒட்டியிருந்த திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, திறந்தே கிடந்த அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.